பூட்டிவைப்பது நியாயமா?

மறதிநோய் கண்ட முதியவர் விடியுமுன் கதவைத் திறந்துகொண்டு புறப்படுகிறார். தடுத்தால், “வீட்டுக்குப் போகவேண்டும்” என்கிறார். வீட்டிலிருந்தே வீட்டைத் தேடுகிறவரை நாம் என்ன செய்வது? பூட்டிவைப்பது நியாயமா? மலேசியாவில் 60 வயதைக் கடந்தோரில் 8.5 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருக்கக்கூடும் என 2018-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு கண்டது. ஆகவே இது எவரோ ஒருவர் வீட்டுக் கேள்வியன்று.

புக்கிட் செந்தோசாவை எண்ணிப் பார்ப்போம். தோட்டத்து லயங்களில் வாழ்ந்து, முதுமையில் பிள்ளைகளோடு இத்தகைய தாமான்களுக்கு வந்தோர் பலர். இருட்டில் எழுந்து பெரட்டுக்குப் போய்ப் பால்வெட்டிய கால்கள் அவை. நேற்று உண்டதை மறந்த மனத்திலும் இளமையில் நடந்த பாதை நெடுநாள் தங்குகிறது. நாம் அலைச்சல் என்பது அவருக்கு வேலைக்குப் போகும் நேரம். தோட்டத்தில் ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஓர் அடையாளம் இருந்தது. இங்கோ ஒன்றைப்போல் ஒன்றாக வீடுகள் வரிசையாய் நிற்கின்றன. திரும்பும் வழி அவருக்கு எங்ஙனம் புலப்படும்?

ஆயினும் பழகிய இடம் ஒன்றே போதும் எனக் கருதலாகாது. நாள்தோறும் நடந்த வழியிலேயே இந்நோயாளர் தொலைந்துபோவதுண்டு. லயத்தில், “எங்கே தாத்தா கிளம்பிட்டீங்க?” என்று கேட்க அண்டைவீட்டார் இருந்தனர். அந்தக் கேள்வியும் பழகிய சூழலில் ஒரு பகுதியன்றோ!

ஜப்பானில் 2007-இல் ஐச்சி மாநிலத்து ஓபு நகரில், 91 வயது முதியவர் ஒருவர், 85 வயது மனைவி சற்றே கண்ணயர்ந்த வேளையில் வெளியேறி, இரயிலில் அடிபட்டு இறந்தார். இரயில் நிறுவனம் குடும்பத்தாரிடம் நட்டஈடு கோரி வழக்குத் தொடுத்தது. கீழ்நீதிமன்றங்கள் நட்டஈடு தருமாறு தீர்ப்பளித்தன. 2016-இல் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி, குடும்பம் எதுவும் தரவேண்டியதில்லை என்றது. இமைகொட்டாமல் காவலிருக்க எந்த மனிதரால் இயலும்?

குடும்பத்தால் மட்டும் இயலாதது ஊரின் கடமையாகிறது. அவ்வூரில் முதலில் விழிப்பவர் கடைக்காரராகிய நாமல்லவா? யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதை முகம் பார்த்தே சொல்லும் நமக்கு, தெருவின் முதியவரை அறிந்துவைப்பது அரிதன்று. வழிதவறி வந்தவரிடம் வாதிடவேண்டா. உட்காரவைத்து, ஒரு கோப்பைத் தேநீர் கொடுத்து, பிள்ளைகளுக்குச் செய்தி சொல்வோம். பிள்ளைகளும் நாணாமல் தம் தொலைபேசி எண்ணை நம்மிடம் கொடுத்துவைக்கட்டும்; புதுவீட்டில் அவருடைய பழைய கட்டிலையும் நாற்காலியையும் போட்டுவைக்கட்டும்.

வண்டிகள் விரையும் சாலையோரத்தில் இரவில் கதவைத் தாழிடுவது தவறன்று. உடன் ஒருவர் இருக்கவேண்டும். அவரைத் தனியே வைத்துப் பூட்டிவிட்டு வியாபாரத்துக்குப் போவது நியாயமாகாது. தீப்பற்றினால் அவர் எவ்வழி வெளியேறுவார்? நம்மை நடைபழக்கியவர் இன்று நடக்க விரும்பினால், சிறிது தூரம் உடன் நடப்போம்.