வடம் பிடிக்கும் கை



வகுப்பறையே கடலில் மிதந்து போகும் படிப்பு ஒன்று உண்டு. 1926-இல் ‘ரைண்டம்’ என்ற கப்பல் ஏறத்தாழ 500 மாணவர்களோடு அமெரிக்காவிலிருந்து உலகைச் சுற்றக் கிளம்பியது. ‘மிதக்கும் பல்கலைக்கழகம்’ என்றே அதை அழைத்தார்கள். அதே வழியில் பின்னாளில் வந்த ‘செமஸ்டர் அட் சீ’ கப்பல் நம் சென்னைத் துறைமுகத்துக்கும் வந்திருக்கிறது. கப்பல் கரையில் நிற்கிற சில நாட்களில் மாணவர்கள் ஊர் பார்ப்பார்கள். சிலர் ஒரு நாளைத் தொண்டுக்கென்று ஒதுக்கி ஒரு பள்ளிக்கோ கிராமத்துக்கோ போவார்கள். பிறகு கப்பல் புறப்பட்டுவிடும்.

‘ஒரே ஒரு நாளில் நான் என்ன செய்துவிட்டேன்?’ என்று அந்த மாணவர்களுக்குத் தோன்றாமல் இருக்காது. எனக்கும் ஒருமுறை தோன்றியது.

நான் படித்தது ராஜபாளையத்தில். தாம் வாழ்ந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்த, சென்னை மாகாண முதல்வராக இருந்த பி. எஸ். குமாரசாமி ராஜாவின் ஊர் அது. எங்கள் ஊருக்குக் கடல் கிடையாது, மேற்கே மலைதான். எங்களைப் படிப்பிலிருந்து இறக்கி ஊருக்குள் விட்டது நாட்டு நலப்பணித் திட்டம். காந்தி நூற்றாண்டான 1969-இல், செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கிய திட்டம் அது. ஆண்டுக்கு ஒருமுறை ஏழு நாள் முகாம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம், மலையடிவாரக் கிராமம் ஒன்றில் எங்கள் முகாம். பள்ளிக்கூடச் சுவருக்கு வெள்ளையடிப்பது என்று முன்பே முடிவு செய்து, சுண்ணாம்பும் மட்டையுமாகப் போய் இறங்கினோம். பார்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி அருகில் வந்தார். “தம்பிகளா, செவரு நல்லாத்தான் இருக்கு. மலைத்தண்ணி கண்மாய்க்கு வர்ற கால்வாய்லதான் சீமைக்கருவேலம் அடைச்சுக் கெடக்கு. அத வெட்டி விட்டா மழைக்கு ஆகும்ல?” என்றார்.

வெட்கமாக இருந்தது. அந்த ஊருக்கு என்ன வேண்டும் என்று நாங்கள் யாரையும் கேட்டிருக்கவில்லை.

மறுநாள் அரிவாளும் மண்வெட்டியும் எடுத்தோம். எந்த இடத்தில் தொடங்க வேண்டும், எந்த வேரை விட்டால் மறுபடி துளிர்க்கும் என்று ஊர்க்காரர்கள் காட்டினார்கள். கையெல்லாம் முள். முகாம் முடிந்தபோது கால்வாயில் கொஞ்ச தூரம்தான் தெளிந்திருந்தது. இவ்வளவுதானா என்ற ஏக்கத்தோடு பஸ் ஏறினோம். அடுத்த ஆண்டு எங்களுக்குப் பின்னால் படித்தவர்கள் போய், நாங்கள் விட்ட இடத்திலிருந்து வெட்டினார்கள்.

அந்த ஏக்கம் தீர்ந்தது ஆடிப்பூரத்தன்று, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் தேரடியில். அவ்வளவு பெரிய தேரை முழுத் தூரமும் ஒரே ஆளா இழுக்கிறார்? ஒருவர் பத்தடி இழுப்பார், கை ஓய்ந்து விலகுவார். அந்த இடத்தில் இன்னொரு கை வந்து வடத்தைப் பிடிக்கும். தேர் ரத வீதியைச் சுற்றி நிலைக்கு வருவது இப்படித்தான்.

அன்று இன்னொன்றையும் கண்டேன். வடம் பிடிப்பவருக்குத் தேர்ச்சக்கரம் தெரியாது. அது அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. சக்கரத்தின் அருகே கட்டையோடு நிற்கிறவருக்குத்தான் எங்கே திருப்ப வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும். அவர் சொல் கேட்டு இழுத்தால் தேர் வீதியில் போகும். கேட்காமல் இழுத்தால் பக்கத்துத் திண்ணையில் போய் முட்டும். அந்தப் பாட்டி எங்களுக்குச் சக்கரத்தருகே நின்றவர்.

கப்பலிலிருந்து இறங்கும் மாணவருக்கும், நம் தெருவில் ஒரு நல்ல காரியம் செய்ய நினைக்கும் நமக்கும் இது பொருந்தும். நம் பங்கு பத்தடிதான் என்று வருந்த வேண்டாம். அந்தப் பத்தடியை எந்தப் பக்கம் இழுப்பது என்று அங்கே வாழ்கிறவரிடம் முதலில் கேட்போம். கேட்டபின், கை வலிக்கிற வரை இழுப்போம். நாம் விடுகிற இடத்தில் வடத்தைப் பிடிக்க இன்னொருவர் வருவார்.