வைக்கோல் கன்று

பிளாஸ்திரி இடது காலில் இருந்ததா, வலது கையில் இருந்ததா என்பதுதான் விஷயம். மற்றவர்களுக்கு இது ஒரு விஷயமாகவே படாது. என் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். நன்றாகச் சாப்பிடுகிறாள், அதைவிட நன்றாகச் சண்டை போடுகிறாள். ஆனாலும் நடுராத்திரியில் விழிப்புத் தட்டினால் அந்த வெள்ளைப் பிளாஸ்திரிதான் முதலில் வந்து நிற்கிறது.

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவள் 31-ஆவது வாரத்திலேயே பிறந்துவிட்டாள். மதுரையில் ஒரு மருத்துவமனை. மேல் மாடியில் பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு, என்.ஐ.சி.யு.; கீழே எங்களைப் போன்ற தாய்மார்கள் தங்கும் நீள அறை. உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றையும் ஒன்றோடொன்று இடிக்காமல் செய்ய ஒரு குழந்தைக்கு ஏறக்குறைய 34 வாரம் நிறைய வேண்டும். அதுவரை இரைப்பைக்குள் இறங்கும் மெல்லிய குழாய் வழியாகத்தான் பால். முதலில் வேளைக்கு 2 மில்லி. அந்த 2 மில்லிக்காக நான் பகலும் இரவும் பம்பை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும்.

“ராத்திரி எடுக்காம விட்றாதீங்கம்மா” என்று சிஸ்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். காரணமும் சொன்னார். பாலைச் சுரக்க வைக்கும் புரோலாக்டின் பகலைவிட இரவில்தான் கூடுதலாக இருக்குமாம். எடுக்காமல் தேங்கவிட்டால் மார்பு தானாகவே சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். தவிர, குறைமாதக் குழந்தையின் குடல் அழுகிப்போகும் ஒரு கொடிய நோய் உண்டு. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கு அது வரும் அபாயம் குறைவு. இதைக் கேட்ட பிறகு எந்தத் தாயால் தூங்க முடியும்? தூங்கினேன் என்பதுதான் உண்மை. உட்கார்ந்தபடியே, தையல் போட்ட வயிற்றில் தலையணையை அணைத்துக்கொண்டு, பம்பின் இரைச்சலிலேயே தூங்கினேன். அலாரம் அடிக்கும், அடுத்த கட்டிலில் யாரோ ‘உச்’ கொட்டுவார்கள், கொதிக்கவைத்த கிண்ணத்தைத் தேடி எடுப்பேன், நைட்டியின் ஊக்கை இருட்டில் அவிழ்ப்பேன். பால் மட்டும் வராது. மார்பு கல்லாகக் கட்டியிருக்கும், பம்ப் இழுத்துக்கொண்டே இருக்கும், கிண்ணத்தின் அடி கூட நனையாது.

அதற்கும் சிஸ்டரிடம் வழி இருந்தது. “குழந்தை போட்டோ இருந்தா பாத்துக்கிட்டே எடுங்க. தன்னால வரும்.”

என் கணவர் கண்ணாடிக்கு வெளியே நின்று போனில் ஒரு வீடியோ எடுத்துவந்தார். நீல விளக்கின் கீழே, வார்மர் என்னும் சூட்டுக் கட்டிலில் ஒரு குழந்தை. மஞ்சள் காமாலைக்காக வைக்கும் விளக்கு அது. கண்ணைத் துணியால் மூடியிருந்தார்கள். மூக்கில் குழாய், தலையில் குல்லா, இடது காலில் வென்ஃப்ளான் ஊசி, அதன்மேல் வெள்ளைப் பிளாஸ்திரி. முகம் என்று எதுவும் தெரியாது. சில நொடி சும்மா கிடந்துவிட்டு, பிளாஸ்திரி ஒட்டிய அந்தக் கால் ஒரே ஒரு முறை உதறும். அவ்வளவுதான் வீடியோ. அந்த உதறலில் எனக்குப் பால் இறங்கியது. முதலில் ஒரு சுருக்கென்ற குத்தல், பிறகு கிண்ணத்தில் விழும் சத்தம். அதன்பிறகு ஒவ்வொரு ராத்திரியும் அந்தக் கால்தான்.

சில நாள் கழித்து என்னை மேலே கூட்டிப்போனபோது என் மகளுக்குப் பிளாஸ்திரி வலது கையில் இருந்தது. இடது காலில் ஊசி குத்தின தடம்கூட என் கண்ணுக்குப் படவில்லை. சிஸ்டரிடம் கேட்டேன். “வென்ஃப்ளான் வீங்கிட்டா மாத்துவோம்மா. வார்மரும் நடுவுல ஒரு தடவ மாத்தினோம்” என்றார். நியாயமான பதில். கணவரிடம் கேட்டேன். “நம்ம பாப்பாதான்” என்றார் உடனே. கொஞ்ச நேரம் கழித்து, “அப்படித்தான் நினைக்கிறேன். ஏன் கேக்குற?” என்றார். பக்கத்து வார்மரிலும் அதே குல்லா, அதே நீல விளக்கு, அதே குழாய்.

அன்று ராத்திரியும் அதே வீடியோவைத்தான் போட்டேன். அந்தக் கால் உதறியது. பால் வந்தது. சந்தேகம் வந்த பிறகும் வந்தது பாருங்கள், அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

சேரன்மகாதேவிப் பக்கம் என் ஆச்சி வீட்டில் ஒரு செவலைப் பசு இருந்தது. கன்று போட்ட கொஞ்ச நாளில் கன்று செத்துப்போனது. பசு காலை உதைத்தது, மடியைத் தொடவிடவில்லை. ஒரு விடுமுறைக்கு நான் போனபோது தொழுவத்தில் புதிதாக ஒரு கன்றுக்குட்டி நின்றது. கிட்டப் போய்த் தொட்டேன். தோல் விறைப்பாக இருந்தது. செத்த கன்றின் தோலுக்குள் வைக்கோலைத் திணித்து, நான்கு குச்சியைக் காலாக வைத்துத் தைத்திருந்தார்கள். மேலே உப்புத் தண்ணீர் தடவியிருந்தது. கண் இருந்த இடத்தில் தையல்தான். பால்காரர் அதைப் பசுவின் முன்னால் கொண்டு நிறுத்துவார். பசு அதை நக்கும். நக்க நக்க மடி இளகும். அந்தப் பாலில்தான் எங்கள் எல்லோருக்கும் காப்பி.

“ஆச்சி, அதுக்குத் தெரியாதா?” என்று கேட்டேன்.

“தெரியாம இருக்குமாட்டி? மடி கனக்குல்லா” என்றாள் ஆச்சி.

அன்றைக்கு அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. மனிதர்கள் செய்யும் ஏமாற்று வேலைக்கு ஆச்சி சப்பைக்கட்டுக் கட்டுகிறாள் என்று நினைத்தேன். காப்பி வேண்டாம் என்று ஒரு வேளை வீராப்பாக இருந்துவிட்டு, மறு வேளை குடித்தேன்.

அந்த நீள அறையில், போன் வெளிச்சத்தில், நான்தான் அந்தப் பசு என்று தோன்றியது. விஞ்ஞானமும் கிட்டத்தட்ட அப்படித்தான் சொல்கிறது. பாலைச் சுரக்க வைப்பது ஒரு ஹார்மோன். சுரந்த பாலை வெளியே தள்ளுவது இன்னொன்று, ஆக்ஸிடோசின். முதலாவதற்குக் காம்பில் இழுப்பு வேண்டும். இரண்டாவதற்கு அதுகூட வேண்டாம். குழந்தையின் அழுகை காதில் விழுந்தால் போதும், நினைப்பு வந்தால் போதும். வலியும் பதற்றமும் அதைத் தடுத்துவிடும். நாமாக உத்தரவு போட்டு வரவழைக்க முடியாத ஒன்று, ஒரு அடையாளத்தைக் காட்டினால் கதவைத் திறக்கிறது. காட்டியது சரியான அடையாளமா என்று அது கேட்பதில்லை.

அம்மா என்னைப் பூ வைத்துக்கொள்ள விடவில்லை. மல்லிகை வைத்தால் பால் வற்றிவிடும் என்றாள். கிராமத்துப் பேச்சு என்று சலித்துக்கொண்டேன். பிறகு தேடிப் படித்தால், 1988-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்காரர்கள் மல்லிகையை மார்பில் கட்டிப் பார்த்து, பால் நிறுத்தத் தரும் புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டு எழுதியே இருக்கிறார்கள். ஹார்மோனைக் குறைப்பதில் மாத்திரைக்குத்தான் வலு அதிகம். ஆனால் பால் கட்டுவதும் சுரப்பதும் அடங்கியது இரண்டிலும் ஒன்றுபோலத்தானாம். ஒரு முழம் பூவுக்கு அடங்குகிற, ஒரு கால் உதறலுக்கு இளகுகிற இதைத்தான் நான் தாய்ப்பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேனா?

அந்த நாட்களில் இன்னொன்றும் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுக் காலண்டர் ஒன்றில் ஞானசம்பந்தர் படம் இருந்தது. சீர்காழிக் குளக்கரை, அப்பா குளிக்கத் தண்ணீருக்குள் போயிருக்கிறார், மூன்று வயதுப் பிள்ளை கரையில் நின்று அழுகிறது. இறைவன் சொல்ல, உமை தன் பாலைப் பொன் கிண்ணத்தில் ஏந்திக் கொடுக்கிறாள். கல்லூரியில் பெரியபுராணத்தை அரைகுறையாகப் படித்தபோது ஞானம், பதிகம் என்று பரீட்சைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டேன். கிண்ணத்தை அப்போது கவனிக்கவில்லை. பிள்ளையை மடியில் போட்டுக் கொடுக்காமல் அவளும் கறந்துதானே கொடுத்திருக்கிறாள்! அந்தப் பிள்ளை அவள் வயிற்றில் பிறந்ததுமில்லை. யாரோ கரையில் அழுதான், அவளுக்குச் சுரந்தது. சேக்கிழாருக்கு அதில் ஒரு சங்கடமும் இல்லை. பார்க்கப்போனால் அதுதான் அருள்.

இந்த வழியாகப் போனால் எனக்குச் சமாதானம் சுலபமாகக் கிடைத்துவிடும். யார் குழந்தையானால் என்ன, எல்லாக் குழந்தைக்கும் தாய் என்று சொல்லிவிடலாம். ஆனால் அப்படி ஒரு விரிந்த மனசு எனக்கு அந்த ராத்திரிகளில் இருக்கவில்லை. பக்கத்து வார்மரில் மானிட்டர் கத்தினால், நம்முடையது இல்லையே என்று மூச்சு விட்டவள்தான் நான். என்.ஐ.சி.யு. வாசலில் நின்ற எல்லாத் தாய்மார்களும் அப்படித்தான் மூச்சு விட்டார்கள்.

யார் குழந்தைக்கோ பால் போவது எனக்குப் பிரச்சினை இல்லை. மும்பை சயான் மருத்துவமனையில் மருத்துவர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் 1989-இல் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கினார்; இன்று நம்மூர் அரசு மருத்துவமனைகளிலும் வங்கிகள் இருக்கின்றன. என் மகள் பாலாடையில் குடிக்கப் பழகி, எனக்கும் பால் பெருகி, தேவைக்கு மேல் மிஞ்சியபோது நானும் கொடுத்தேன். ரத்தப் பரிசோதனை செய்தார்கள், ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். பாலை 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கி, குளிரவைத்து, யாருக்கோ கொடுத்திருப்பார்கள். அது யார் என்று ஒரு நாளும் நான் யோசித்ததில்லை. கொடுத்ததில் எனக்கு உறுத்தலே இல்லை.

எழுதிக்கொண்டு வரும்போதுதான் தெரிகிறது, உறுத்துவது வாங்கியது. வீடியோவில் இருந்தது வேறு குழந்தை என்றால், என் மகள் குடித்த பாலை வரவழைத்தது அந்தக் குழந்தை. அதற்குத் தெரியாது, அதன் அம்மாவுக்கும் தெரியாது. அவளும் அதே நீள அறையில்தான் எங்கேயோ உட்கார்ந்து பால் எடுத்துக்கொண்டிருந்திருப்பாள். எந்தக் கட்டில் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்து, இடது காலில் ஊசி போட்டிருந்த குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டு, நல்ல பதிலாக வராவிட்டால் என்ன செய்வது? அங்கே எல்லா வார்மரும் வீட்டுக்குப் போவதற்காக மட்டும் காலியாவதில்லை.

ஆச்சி சொன்னதை வேறு மாதிரியும் கேட்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. பசுவுக்குத் தெரியும் என்றாள். மடி கனக்கிறது என்றாள். தெரிந்தே ஒப்புக்கொண்டது என்கிறாளா, வலி தாங்காமல் விட்டுக்கொடுத்தது என்கிறாளா? கேட்டுத் தெரிந்துகொள்ள ஆச்சி இல்லை. எனக்கும் மார்பு கனத்துக்கொண்டுதான் இருந்தது. எந்தக் கால் உதறியிருந்தாலும் இறங்கியிருக்கலாம்; கால் உதறாமலேகூட அந்த நேரத்துக்கு இறங்கியிருக்கலாம்.

அது வேறு குழந்தைதான் என்றால் அந்தத் தாய்க்கு நான் ஏதோ கடன் பட்டிருக்கிறேன் என்று சில நாள் நினைக்கிறேன். வென்ஃப்ளானை மாற்றியிருப்பார்கள், இதெல்லாம் தூக்கம் கெட்ட மூளை போட்ட கணக்கு என்று சில நாள் நினைக்கிறேன். கணவர் இரண்டாவதைத்தான் நம்பச் சொல்கிறார். நம்புவதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. ஆனால் கடன் இல்லை என்று முடிவாகிவிட்டால் ஏன் எனக்கு ஏமாற்றமாக இருக்கிறது என்பதற்கு அவரிடமும் பதில் இல்லை, என்னிடமும் இல்லை.