அடுத்தவர் காயத்தை நாம் மன்னிக்கலாமா?

கணவனிடம் அடிபட்ட பெண் ஒருத்தி போதகர் வீட்டுக்கு வருகிறாள். சபை மூப்பர்கள் இருவர் வரவழைக்கப்படுகிறார்கள். தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் கணவன், ஏதோ கோபத்தில் கை நீண்டுவிட்டது என்கிறான். சிலுவையில் அறைந்தவர்களையே ஆண்டவர் மன்னித்தார், நீயும் மன்னித்துவிடம்மா என்று அவளுக்குப் புத்தி சொல்லப்படுகிறது. எல்லோரும் முழங்காற்படியிட்டு ஜெபிக்கிறார்கள். காப்பி வருகிறது. பிறகு அவள் அதே கணவனோடு அதே வீட்டுக்குத் திரும்பிப் போகிறாள்.

நம் சபைகளை அறிந்தவர்களுக்கு இது கேள்விப்படாத காட்சி இல்லை. அந்த அறையில் யாருக்கும் கெட்ட எண்ணம் இருந்திருக்க வேண்டியதில்லை. குடும்பம் பிரியக் கூடாதே என்ற கவலை உண்மையானதாகவே இருந்திருக்கலாம். ஆனாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. கடவுளின் இரக்கத்தால் பிழைத்திருப்பதாக அறிக்கையிடும் ஒருவர், இன்னொருவர் பட்ட காயத்துக்குத் தாம் மன்னிப்பு வழங்கலாமா? வழங்கச் சொல்லி வற்புறுத்தலாமா?

கிறிஸ்தவரின் அன்றாட வாழ்வில் நியாயத்தீர்ப்பும் இரக்கமும் தூரத்து விஷயங்கள் அல்ல. கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சொல்லும்போதெல்லாம் தன் கடன் மன்னிக்கப்படுவதையும், தான் பிறர் கடனை மன்னிப்பதையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்கிறார். திருவிருந்துக்கு முன் தன்னைத்தானே சோதித்தறியும்படி பவுல் கொரிந்து சபைக்கு எழுதினார். பக்கத்தில் நிற்பவரைச் சோதிக்கச் சொல்லவில்லை. நடைமுறையில் இது தலைகீழாகிறது. தன் பிழைக்கு இரக்கத்தையும் பிறர் பிழைக்கு நியாயத்தையும் கேட்பது எல்லா மனிதருக்கும் உள்ள பழைய வழக்கம். அதைவிடக் கண்ணுக்குத் தெரியாத பிழை ஒன்று உண்டு. தவறு செய்தவரிடம் தாராளமாக இரக்கம் காட்டிவிட்டு, அதற்கான விலையை நொந்தவரிடமிருந்து வாங்குவது அது.

இப்படிப்பட்ட நேரங்களில் அதிகம் எடுத்துக்காட்டப்படுவது மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் வரும் கடன்கார ஊழியனின் உவமை. அவன் ராஜாவுக்குப் பட்ட கடன் 10,000 தாலந்து. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் கூலியாளின் ஒரு நாள் சம்பளம். கணக்குப் போட்டால் ஆறு கோடி நாள் கூலி. ஒரு நாள்கூட ஓயாமல் உழைத்தாலும் அடைக்க ஒன்றரை லட்சம் ஆண்டுக்கு மேல் ஆகும். அவ்வளவும் தள்ளுபடியான பின், தனக்கு 100 வெள்ளிப்பணம் தரவேண்டிய உடன்வேலைக்காரனின் தொண்டையைப் பிடித்து அவனைச் சிறையில் போடுகிறான். இதைச் சொல்லி, உன் நூறு வெள்ளிப்பணத்தை விட்டுவிடக் கூடாதா என்று காயப்பட்டவரிடம் கேட்பது எளிது.

உவமையை நிதானமாகப் படித்தால் வேறு சிலவும் தெரியும். ராஜாவின் இரக்கம் கணக்கைத் திறந்த பிறகுதான் வருகிறது. கடன் இவ்வளவு என்று உரக்கச் சொல்லப்படுகிறது. அதை யாரும் குறைத்துப் பேசவில்லை. தள்ளுபடி செய்கிறவர் இழப்பைத் தாங்கப்போகிற ராஜாவேதான். அடுத்து, நடந்ததைப் பார்த்துக்கொண்டிருந்த மற்ற வேலைக்காரர்களைக் கவனிக்க வேண்டும். அவர்கள் சிறைக்குப் போனவனிடம் சென்று, அவனை மன்னித்துவிடு, பொறுத்துக்கொள் என்று சொல்லவில்லை. மிகவும் துக்கப்படுகிறார்கள், நேரே ராஜாவிடம் போய் நடந்ததையெல்லாம் சொல்லுகிறார்கள். சம்பவத்தைப் பார்த்தவர்களின் கடமை என்னவென்று இந்த ஒரு வசனம் காட்டுகிறது. போதகர் வீட்டில் கூடுகிறவர்கள் தங்களை ராஜாவின் இடத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். உவமையில் அவர்களுக்குரிய இடம் உடன்வேலைக்காரரின் இடம்.

எதிர்வாதம் வலுவானது. எழுபது ஏழு தரம் மன்னிக்கச் சொன்னவர் அதற்கு நிபந்தனை எதுவும் விதிக்கவில்லையே. நியாயம் கிடைத்த பிறகுதான் மன்னிப்பேன் என்றால் அது கொடுக்கல் வாங்கலாகிவிடாதா. மனதில் கசப்பைக் காத்துவைப்பவர் தன்னையே அல்லவா வாட்டிக்கொள்கிறார்? இவை தள்ளிவிடக்கூடிய கேள்விகள் அல்ல. நிபந்தனையில்லா மன்னிப்பு என்ன செய்யும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது.

ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டத்தில் பல ஆண்டுகள் தொழுநோயாளரிடையே பணிசெய்த ஆஸ்திரேலியர் கிரகாம் ஸ்டெய்ன்ஸ். 1999 ஜனவரி 22 நள்ளிரவை ஒட்டி, கியோஞ்சர் மாவட்டத்தின் மனோகர்பூர் கிராமத்தில், வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த அவரும் அவருடைய மகன்கள் 10 வயது பிலிப்பும் 6 வயது திமொத்தேயுவும் ஒரு கும்பலால் எரித்துக் கொல்லப்பட்டார்கள். மனைவி கிளாடிஸ் ஸ்டெய்ன்ஸ், கொலையாளிகளை மன்னிப்பதாக அறிவித்தார். மகளோடு மயூர்பஞ்சின் பாரிபதாவிலேயே தங்கி, தொழுநோய் இல்லத்தின் பணியை மேலும் சில ஆண்டுகள் நடத்தினார். ஆனால் மன்னிப்பையும் குற்றத்தின் விளைவையும் ஒன்றோடொன்று குழப்பக் கூடாது என்பதில் அவர் தெளிவாக இருந்தார். வழக்கு தன் போக்கில் நடந்தது. முதன்மைக் குற்றவாளிக்கு 2003இல் விசாரணை நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 2005இல் உயர் நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2011இல் உச்ச நீதிமன்றம் அந்த ஆயுள் தண்டனையை உறுதிசெய்தது. கிளாடிஸின் மன்னிப்பு இந்த மூன்று தீர்ப்புகளில் எதையும் தடுக்கவில்லை; எந்தத் தீர்ப்புக்காகவும் காத்திருக்கவும் இல்லை. இழந்தவர் அவர், மன்னித்தவரும் அவர். அந்த மன்னிப்புக்கு எடை வந்தது அதனால்தான். வேறு யாரோ அவர் சார்பில் அதை அறிவித்திருந்தால் அது வெறும் செய்திக்குறிப்பாகியிருக்கும்.

நிறவெறி ஆட்சி முடிந்தபின் தென்னாப்பிரிக்கா இந்தக் கேள்வியை நாடளவில் சந்தித்தது. பேராயர் டெஸ்மண்ட் டுட்டு தலைமையில் அமைந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம், அரசியல் நோக்கில் செய்த குற்றத்தின் முழு உண்மையையும் வெளியிடுவோருக்குப் பொதுமன்னிப்பு வழங்க வகை செய்தது. 1977இல் காவலில் கொல்லப்பட்ட நிறவெறி எதிர்ப்புப் போராளி ஸ்டீவ் பிக்கோவின் குடும்பத்தினரும் வேறு சிலரும் இதை எதிர்த்து அரசியலமைப்பு நீதிமன்றம் சென்றார்கள். 1996இல் அங்கே தோற்றார்கள். போரைத் தவிர்க்க அந்த நாட்டுக்கு அத்தகைய ஏற்பாடு தேவைப்பட்டது என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனாலும் அந்தக் குடும்பத்தின் கேள்விக்கு முழுப் பதில் கிடைக்கவில்லை: எங்கள் வீட்டுச் சாவை எங்களைக் கேளாமல் எப்படி மன்னிப்பீர்கள்? பிக்கோவின் சாவில் தொடர்புடைய காவலர்களுக்கு ஆணையம் 1999இல் பொதுமன்னிப்பை மறுத்துவிட்டது. அவர்கள் உண்மையை முழுதாகச் சொல்லாதது அதற்கு ஒரு காரணம். உண்மை சொல்லப்படாத இடத்தில் இரக்கத்துக்குக்கூட நிற்க நிலம் இல்லை என்பதை அந்த ஆணையமே ஏற்றுக்கொண்டது.

இங்கேதான் தெய்வ நியாயத்தீர்ப்பு என்ற நம்பிக்கையின் பொருள் விளங்குகிறது. வசதியாக வாழ்பவருக்கு அது மிரட்டலாகத் தோன்றலாம். கேட்க ஆளில்லாதவருக்கோ அது ஆறுதல். யூகோஸ்லாவியப் போர்களின் கொடுமையை மனதில் வைத்து எழுதிய குரோவேஷிய இறையியலாளர் மிரோஸ்லாவ் வொல்ஃப், 1996இல் வெளிவந்த நூலில் இதை வாதாடுகிறார்: கடவுள் நியாயந்தீர்ப்பார் என்று நம்பும்போதுதான் பாதிக்கப்பட்டவரால் பழிவாங்கும் கத்தியைக் கீழே போட முடிகிறது. பழிவாங்குதலைக் கடவுளிடம் விட்டுவிடும்படி பவுல் ரோமருக்கு எழுதியதும் இதே அடிப்படையில்தான். நியாயத்தீர்ப்பை எடுத்துவிட்டு இரக்கத்தை மட்டும் பிரசங்கிக்கிற சபை, மன்னிக்கத் துணிகிறவரின் காலடியிலிருந்து தரையை உருவிவிடுகிறது.

நியாயத்தோடு சேர்ந்து வரும் இரக்கமே தவறு செய்தவருக்கும் உண்மையான இரக்கம். எரிகோவின் ஆயக்காரன் சகேயுவின் வீட்டுக்கு இயேசு போனபோது கேள்வி எதுவும் கேட்கவில்லை. இரக்கம் முந்திக்கொண்டு வாசலுக்கு வந்தது. வந்த இரக்கம் அவனைச் சும்மா விடவில்லை. சொத்தில் பாதியை ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய் உரியவருக்கு என்று அவனே எழுந்து நின்று சொல்லுகிறான். பலிபீடத்தில் காணிக்கை வைக்கும்போது சகோதரனுக்குத் தன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகும்படி மலைப்பிரசங்கம் சொல்கிறது. கேட்டவர்களில் பலர் கலிலேயர், பலிபீடம் இருந்தது எருசலேமில். கலிலேயாவில் இருக்கும் சகோதரனைத் தேடிப் போய்வரப் பல நாள் நடக்க வேண்டும். அந்த நடையைக் கடவுள் தள்ளுபடி செய்யவில்லை. கடவுள் என்னை மன்னித்துவிட்டார் என்று சொல்லி, தன்னால் புண்பட்டவர் முன் போகாமல் தப்புகிறவர் அந்த நடைக்குப் பயந்தவர்.

அப்படியானால் போதகர் வீட்டில் என்ன நடந்திருக்க வேண்டும்? அந்தப் பெண்ணிடம் முதலில் கேட்க வேண்டியது அவள் பாதுகாப்பாக இருக்க இடம் உண்டா என்பதை. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்க 2005இல் இயற்றப்பட்ட சட்டம் இருக்கிறது. அதன்படி மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் அவளோடு ஒருவர் துணைக்குப் போயிருக்கலாம். கணவன் 'கை நீண்டுவிட்டது' என்பதை விட்டு 'நான் அடித்தேன்' என்று சொல்லும்வரை மூப்பர்கள் அவனோடு உட்கார்ந்திருக்கலாம். அவள் மன்னிப்பாளா, எப்போது, மன்னித்தபின் அவனோடு வாழ்வாளா என்பதெல்லாம் அவளுக்கும் அவள் கடவுளுக்கும் இடையிலானவை.

வீட்டு வேலை செய்பவரின் சம்பளத்தைப் பிடித்துவைத்தவர், பங்காளியின் நிலத்தை எழுதிக்கொண்டவர், சபைப் பணத்துக்குக் கணக்குக் காட்டாதவர் என எல்லோருக்கும் இந்த அளவுகோல் பொருந்தும். தனக்கு நேர்ந்த அநியாயத்தை ஒரு கிறிஸ்தவர் தாராளமாக மன்னிக்கட்டும். அந்தத் தாராளத்துக்கு அளவே வேண்டாம். தான் செய்த அநியாயத்தைக் கடவுள் முன்னும் அதைச் சுமந்தவர் முன்னும் கணக்கு ஒப்பிக்கட்டும். பிறருக்கு நேர்ந்த அநியாயத்தில் அவர் கையில் மன்னிக்கும் அதிகாரம் இல்லை. துக்கப்படவும், கூட நிற்கவும், உரிய இடத்தில் போய்ச் சொல்லவும் கடமை இருக்கிறது.