சிவப்பு எழுத்துக்கா இவ்வளவு பயம்?

எக்ஸ்சேஞ்ச் மெயில் சர்வர் செட்அப் பாதியில் நின்றுவிட்டதா? திரை முழுக்கச் சிவப்பு எழுத்தா?

உடனே உன் கை எங்கே போகிறது? விண்டோஸை அழித்து மறுபடியும் போடத்தானே!

நிறுத்து!

அழித்துப் போட்டால் என்ன ஆகும்? இன்னொரு ராத்திரி போகும். அதே இடத்தில் அதே சிவப்பு எழுத்து வந்து நிற்கும்.

கோளாறு அந்த சர்வரில் இருந்தால்தானே அங்கே சரியாகும்?

எக்ஸ்சேஞ்ச் தனக்கென்று தனி டைரக்டரி வைத்திருந்த காலம் 5.5-ஓடு முடிந்துவிட்டது. எக்ஸ்சேஞ்ச் 2000 வந்ததிலிருந்து அதன் உயிர்நாடியே ஆக்டிவ் டைரக்டரிதான். அங்கே ஒரு கோணல் இருந்தால், இங்கே நீ தலைகீழாக நின்றாலும் நிமிராது.

"நான் மெயில் பார்க்கிற ஆள். டைரக்டரி வேறு டீம்" என்கிறாயா?

இந்தச் சாக்கை இன்றோடு விடு! அந்த டீமிடம் போய் என்ன கேட்பாய்? "ஏதோ எர்ரர் வருது சார்" என்றா? எது உடைந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டு போ. அப்போது உன் பேச்சுக்கு மரியாதை தானாக வரும்.

எப்படித் தெரிந்துகொள்வது? லாகைத் திற!

சி டிரைவில் எக்ஸ்சேஞ்ச்செட்அப்லாக்ஸ் என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. பலர் அதைத் திறப்பதே இல்லை. "ஆயிரக்கணக்கான வரி, எல்லாம் இங்கிலீஷ்" என்று மிரண்டு மூடிவிடுகிறார்கள்.

உன்னை யார் எல்லா வரியையும் படிக்கச் சொன்னது? கடைசியிலிருந்து மேலே போ. எர்ரர் என்ற சொல் கண்ணில் படும் இடத்தில் நில். அதற்கு மேலே உள்ள பத்து வரியை நிதானமாகப் படி.

எந்த டொமைன் கன்ட்ரோலரைத் தேடியது, எங்கே பதில் கிடைக்காமல் நின்றது என்ற தடயம் அங்கேதான் இருக்கும்.

அடுத்து நெட்வொர்க் கார்டு. முதல் டிஎன்எஸ், டொமைன் கன்ட்ரோலரின் முகவரி. சரி. இரண்டாவதில் என்ன இருக்கிறது? 8.8.8.8, கூகுளின் டிஎன்எஸ்!

"இன்டர்நெட்டுக்கு உதவும்" என்று யாரோ புண்ணியவான் போட்டு வைத்தது. உன் டொமைன் கன்ட்ரோலர் எந்த அறையில் இருக்கிறது என்று கூகுளுக்கு எப்படித் தெரியும்? எடு அதை!

கடிகாரத்தையும் பார். உன் சர்வருக்கும் டொமைன் கன்ட்ரோலருக்கும் 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கெர்பரோஸ் கதவைத் திறக்காது. யாரும் மாற்றாதவரை வழக்கமான அளவு அதுதான்.

ஸ்கீமா அட்மின்ஸ், என்டர்பிரைஸ் அட்மின்ஸ் இரண்டிலும் உன் பெயரைச் சேர்த்துவிட்டாயா? சபாஷ். லாக் ஆஃப் செய்து மறுபடி உள்ளே வந்தாயா? இல்லையா? அப்படியானால் நீ இன்னும் பழைய ஆள்தான்! புது உரிமை புது லாகினில்தான் வரும்.

எல்லாம் சரி, ஆனாலும் சர்வீஸ்கள் எழவில்லையா? இங்கேதான் பாதிப் பேர் கையைத் தூக்கிவிடுகிறார்கள். நீ தூக்காதே!

ஈவன்ட் வியூவரில் அப்ளிகேஷன் லாகைத் திற. 2080 என்ற எண்ணைத் தேடு. டொமைன் கன்ட்ரோலர் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, வரி நெடுக எண்கள். பார்த்தால் ஜாதகக் கட்டம் போலத்தான் இருக்கும். படிக்கத் தெரிந்தவனுக்குப் பலன் பளிச்சென்று தெரியும்!

எஸ்ஏசிஎல் ரைட் என்ற இடத்தில் 1 இருக்க வேண்டும். 0 இருக்கிறதா? பிடித்துவிட்டாய்!

தணிக்கை லாகை நிர்வகிக்கும் உரிமை எக்ஸ்சேஞ்ச் சர்வர்ஸ் குழுவிடமிருந்து போய்விட்டது. யாரோ குரூப் பாலிசியை "சுத்தம்" செய்திருப்பார்கள். அல்லது டொமைன் கன்ட்ரோலரை அதன் ஓயூவிலிருந்து வெளியே நகர்த்தியிருப்பார்கள். உரிமையைத் திருப்பிக் கொடு. பாலிசியைப் புதுப்பி. சர்வீஸ் எழுகிறதா இல்லையா, பார்!

இதற்கு மேதாவித்தனமா வேண்டும்? ஒரு பட்டியலைப் பொறுமையாகப் படிக்கிற பிடிவாதம் போதாதா?

"ஸ்கீமாவில் கை வைத்தால் திரும்ப முடியாதே" என்று நடுங்குகிறாயா?

உண்மைதான், முடியாது. அந்தப் பயம் உன் காவல்காரன், விரட்டாதே. டொமைன் கன்ட்ரோலரின் சிஸ்டம் ஸ்டேட்டை பேக்கப் எடு. எடுத்த பிறகும் நடுங்கிக்கொண்டே இருந்தால், அது பயமில்லை, சோம்பல்!

இன்னொரு வகை வீரர் இருக்கிறார். டைரக்டரியை நேரடியாகத் திருத்தும் ஏடிஎஸ்ஐ எடிட்டைத் திறந்து, கண்ணில் பட்டதை எல்லாம் அழிப்பார். அது துணிச்சலா? வேட்டியை அவிழ்த்துக்கொண்டு ஓடுவதற்குப் பெயர் துணிச்சலா? எதை அழிக்கிறோம் என்று தெரியாத கை, மவுசைத் தொடக்கூடாது.

"எத்தனை முறைதான் தோற்பது?" என்கிறாயா? யார் சொன்னது நீ தோற்றாய் என்று?

நின்ற செட்அப்பை மறுபடி ஓட்டினால், முடித்த படிகளை அது நினைவில் வைத்திருக்கும். டைரக்டரியைத் தயார் செய்யும் பிரிப்பேர்ஏடியைத் திரும்ப ஓட்டலாம். காணாமல் போனவற்றை அதுவே மறுபடி உருவாக்கும். அந்த மென்பொருளே உனக்கு மறுவாய்ப்பு தருகிறது. நீ ஏன் உனக்குத் தர மறுக்கிறாய்?

எழு! கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திற. ரெப்அட்மின் ஓட்டி ரெப்ளிகேஷன் சுருக்கத்தை எடு. தோல்வி என்ற பத்தியில் எல்லா வரியும் 0 ஆகும்வரை செட்அப் பக்கம் போகாதே.

ஆகிவிட்டதா? இப்போது ஓட்டு!