சொந்தப் பக்கத்தாரிடம் சொல்லும் ‘முடியாது’

எதிராளியை எதிர்த்துப் பேசப் பெரிய துணிச்சல் தேவையில்லை. நம் ஆட்கள் பின்னால் நின்று கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டுகிறவர்களைப் பார்த்து ‘இது சரியில்லை’ என்று சொல்ல வேண்டி வரும்போதுதான் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. சங்கக் கூட்டங்களில் இதைப் பார்த்திருக்கிறேன். தீர்மானம் தவறு என்று வராந்தாவில் புலம்புகிறவர்கள், உள்ளே வந்ததும் எல்லோருக்கும் முன்னால் கை தூக்குவார்கள்.

இதை யோசிக்கும்போதெல்லாம் ரஸ்டி பவர்ஸ் நினைவுக்கு வருகிறார். அமெரிக்காவின் அரிசோனா மாநிலக் கீழவையில் 2019 முதல் 2023 தொடக்கம் வரை சபாநாயகராக இருந்தவர். குடியரசுக் கட்சி, அசல் பழமைவாதி, மோர்மன் மதத்தவர். தொழிலால் ஓவியர், சிற்பி. அவருடைய அரசியலில் பாதிக்கு மேல் எனக்கு உடன்பாடில்லை. 15 வாரத்துக்குப் பிந்தைய கருக்கலைப்பைத் தடைசெய்த 2022ஆம் ஆண்டுச் சட்டம், அவர் தலைமை வகித்த அவையில் நிறைவேறியதுதான்.

2020 அதிபர் தேர்தலில் அவர் ட்ரம்புக்காகப் பிரசாரம் செய்தார், வாக்கும் அளித்தார். அரிசோனாவில் பைடன் 10,457 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். நவம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை. தேவாலயம் போய்விட்டு வீடு திரும்பிய பவர்ஸுக்கு வெள்ளை மாளிகையிலிருந்து தொலைபேசி அழைப்பு. காரில் உட்கார்ந்தபடியே பேசினார். மறுமுனையில் ட்ரம்பும் அவருடைய வழக்கறிஞர் ஜூலியானியும். லட்சக்கணக்கில் சட்டவிரோதக் குடியேறிகள் வாக்களித்தார்கள், இறந்தவர்கள் பேரிலும் வாக்கு விழுந்திருக்கிறது என்றார்கள். சட்டமன்றம் தலையிட்டு, அதிபரைத் தேர்ந்தெடுக்க வாக்களிக்கும் மாநிலத்தின் 11 தேர்வாளர்களை மாற்ற வேண்டும் என்பது கோரிக்கை.

பவர்ஸ் கேட்டது ஒன்றுதான்: பெயர்ப் பட்டியல் இருக்கிறதா? இருக்கிறது, தருகிறோம் என்றார்கள். கடைசிவரை வரவில்லை. பின்னர் நேரில் சந்தித்தபோது, ஊகங்கள் நிறைய உண்டு, ஆதாரம்தான் இல்லை என்ற பொருளில் ஜூலியானியே சொன்னதாக 2022 ஜூனில் நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன் பவர்ஸ் சாட்சியம் அளித்தார். நாமெல்லாம் ஒரே கட்சிதானே என்றும் ஜூலியானி கேட்டாராம். உலகத்தின் எல்லாச் சங்கக் கூட்டங்களிலும் கேட்கிற கேள்வி அது!

அவர் மறுத்ததை ‘பழமைவாதியாக இருந்தும்’ என்று பலர் பாராட்டினார்கள். எனக்கு அது தலைகீழாகப் படுகிறது. அரசியல் சட்டம் இறையருளால் வந்தது என்பது அவருடைய மத நம்பிக்கை. அதன்மேல் எடுத்த பிரமாணத்தை ஆதாரமில்லாமல் மீறச் சொன்னால் அவரால் முடியாது. பழமைவாதியாக இருந்ததால்தான் மறுத்தார். காக்க வேண்டியவற்றின் பட்டியலில் தன் கட்சியின் வெற்றியை அவர் முதலில் எழுதவில்லை, அவ்வளவுதான்.

விலை சிறியதல்ல. ஆர்ப்பாட்டக்காரர்கள் ஒலிபெருக்கியோடு வீட்டு வாசலுக்கு வந்தார்கள். லாரியில் பொருத்திய திரையில் அவரைக் குழந்தைகளைச் சீரழிப்பவர் என்று ஓட்டினார்கள். உள்ளே அவருடைய மகள் கடும் நோயில் படுத்திருந்தார். 2021 ஜனவரியில் இறந்துபோனார்.

இவ்வளவுக்குப் பிறகும் அவர் அசையவில்லை. 2022இல், தேர்தல் முடிவை நிராகரிக்கும் அதிகாரத்தைச் சட்டமன்றத்துக்குத் தரும் மசோதா ஒன்றைச் சொந்தக் கட்சி உறுப்பினரே கொண்டுவந்தார். சபாநாயகர் அதை அவையின் 12 குழுக்களுக்கும் அனுப்பிவைத்தார். அனுப்பிய ஒவ்வொரு குழுவும் ஒப்புதல் தந்தால்தான் மசோதா அவைக்கு வரும். மேடையேறி ஒரு வசனம் பேசாமல், விதிப்புத்தகத்தைக் கொண்டே கதையை முடித்தார். மனிதர் பேரில் எனக்கு மதிப்பு கூடியது இந்த இடத்தில்தான்.

நம் ஊரில் கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே போகலாம். 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் அப்படி. அமெரிக்காவில் அந்தச் சட்டமில்லை. தண்டனை சொந்தக் கட்சி வாக்காளர்களிடமிருந்து வருகிறது. 2022 ஜூலையில் மாநிலக் கட்சி அவர்மேல் கண்டனத் தீர்மானம் போட்டது. கீழவையில் தொடர்ந்து நான்கு முறைக்கு மேல் இருக்க முடியாது என்பதால், மாநில செனட் இடத்துக்குக் கட்சியின் உள்தேர்தலில் நின்றார். ஆகஸ்டில் படுதோல்வி.

சாட்சியம் அளித்த நாட்களில் ஒரு செய்தியாளர் கேட்டார்: பைடனுக்கு எதிராக ட்ரம்ப் மறுபடி நின்றால்? ட்ரம்புக்கே போடுவேன் என்றார் பவர்ஸ். அதுவரை அவரைக் கொண்டாடியவர்கள் முகம் சுளித்தார்கள். சில வாரங்களில், இனி ஒருபோதும் மாட்டேன் என்று மாற்றிச் சொன்னார். முதல் பதிலைக் கேட்டு எனக்கு ஏமாற்றமில்லை. கைதட்டலுக்காக மறுத்தவராக இருந்திருந்தால், புதிதாகக் கிடைத்த ரசிகர்களுக்குப் பிடித்த பதிலை அன்றே சொல்லியிருப்பார். எதிர்க்கட்சிக்கும் அவர் போகவில்லை. 2023 ஜனவரியில் குடியரசுக் கட்சிக்காரராகவே பதவியிலிருந்து இறங்கினார்.