சிறு தேர்வும் விவேகமும்

வீட்டின் ஓர் அறைக்கு வண்ணம் பூச வேண்டும். வண்ண அட்டையைப் புரட்டிப் புரட்டி, இறுதியில் இரண்டு நிறங்கள் எஞ்சுகின்றன. இரண்டும் சந்தன நிறமே. ஒன்றில் மஞ்சள் சற்றுத் தூக்கல், அவ்வளவுதான். கணவருக்கு ஒன்று பிடிக்கிறது, மனைவிக்கு மற்றொன்று. நாட்கள் கழிகின்றன, பேச்சு சூடேறுகிறது. இத்தனை சிறிய வேற்றுமை மனத்தை இத்தனை அலைக்கழிப்பது ஏன்?

ஆராய்வது தவறன்று. நிறம் ஒளியைச் சார்ந்தது. பகலில் ஒன்றுபோல் தோன்றும் இரு நிறங்கள் விளக்கொளியில் வேறுபடலாம். எனவே இரண்டையும் சுவரில் சிறிது பூசி, காலையிலும் இரவிலும் பார்ப்பது அறிவுடைமை. அதன் பின்னும் இரண்டும் ஒத்தே தோன்றினால் ஆராய்ச்சியின் வேலை முடிந்தது.

11ஆம் நூற்றாண்டின் இறுதியில், பாரசீகத்தில் பிறந்த ஞானி அல் கஸ்ஸாலி இதைச் சிந்தித்தார். முற்றிலும் ஒத்த இரண்டு பேரீச்சம்பழங்கள், உண்ணும் ஆவலுள்ள ஒருவன்முன் இருக்கின்றன, ஒன்றைத்தான் எடுக்கலாம். காரணம் தேடி அவன் பட்டினி கிடப்பதில்லை; ஒன்றை எடுத்துக்கொள்கிறான். ஒத்தவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுப்பது சங்கல்பத்தின் இயல்பு என்பது அவர் கருத்து. உறுதியற்ற புத்தி பல கிளைகளாகச் சிதறும் என்பதைக் கீதையின் இரண்டாம் அத்தியாயமும் உணர்த்துகிறது.

குறிக்கோள் உறுதிப்பட்டால் சிறு தேர்வுகள் எளிதாகும் என்பதற்கு மாதேஸ்வரன் மலை யாத்திரை நல்ல சான்று. முன்பு மைசூர் மாவட்டத்தில் இருந்த இம்மலை, 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. சிவராத்திரி, யுகாதி, தீபாவளி நாட்களில் தமிழகத்திலிருந்தும் பக்தர்கள் இங்கே திரள்கின்றனர். மலையேறி மாதேஸ்வரரைத் தரிசிப்பதே அவர்களுடைய நோக்கம். இரவில் தலைசாய்க்கும் மண்டபத்தின் சுவர் என்ன நிறம் என்று அவர்கள் வழக்கிடுவதில்லை.

வீட்டில் நடக்கும் வழக்கிலும் உண்மையில் மோதுவன நிறங்கள் அல்ல. 'என் விருப்பம்' என்னும் அகங்காரங்களே. பெரிய விஷயங்களில் விட்டுக்கொடுப்பது கடினம். சில வேளைகளில் அது தர்மத்திற்கும் முரணாகலாம். இழப்பே இல்லாத இடத்தில் விட்டுக்கொடுப்பதோ தியாகத்தின் அரிச்சுவடி. அதைக் கல்லாதவர் பெரிய தியாகத்திற்கு எவ்வாறு தயாராவார்?

நித்தியம் எது, அநித்தியம் எது எனப் பகுத்தறிவதையே வேதாந்தம் விவேகம் என்கிறது. அந்த அறையில் முதிய பெற்றோருக்கு இடம் உண்டா? விருந்தினர் மனம் குளிர்வார்களா? நாள்தோறும் சிறிது நேரமேனும் இறைவனின் நினைவு அங்கே எழுமா? இவை பகுத்தறிய வேண்டிய கேள்விகள். வேற்றுமை புலப்படாத நிறங்களில், ஒருவர் முந்திக்கொண்டு மற்றவரின் விருப்பத்தை ஏற்கட்டும். மிஞ்சும் பொழுதும் மன அமைதியும் இக்கேள்விகளுக்கு உரியவை.