சிறார் நாவிற் புகும் இழிசொல்

உயிர் தனித்து நிற்பதன்று. எதனைச் சார்கின்றதோ அதன் வண்ணமாய் நிற்கும் இயல்பினது என்பது சைவசித்தாந்தத் துணிபு. செம்மலரை அடுத்த படிகம் செம்மையாகவும் நீலமலரை அடுத்த படிகம் நீலமாகவும் தோன்றுதலை இதற்கு உவமையாகக் காட்டுவர். இவ்வுண்மை பந்தமும் வீடும் ஆராயுமிடத்து மட்டும் பயன்படுவதன்று. நம் இல்லங்களில் நாடோறும் நிகழும் ஒரு சிறு நிகழ்ச்சிக்கும் இதுவே விளக்காகும். தெருவில் விளையாடித் திரும்பிய சிறுவன், உண்ண அமர்ந்தவிடத்துக் கேட்போர் செவி கூசத்தக்க ஒரு சொல்லை எளிதாகச் சொல்லிவிடுகிறான். அப்பொழுது பெற்றோர் செய்யத்தக்கது யாது? இதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

திருவையாற்றில் ஐயாறப்பர் திருக்கோயிலின் திருச்சுற்றில், தென்மேற்குப் பகுதியில் நின்று ‘ஐயாறா’ என உரக்க அழைத்தால் அவ்வொலி பலமுறை மீண்டு ஒலிக்கும்; ஏழுமுறை என்பர் ஊரார். ஒருநாள் மாலை அவ்விடத்தே சிறுவர் சிலர் மாறிமாறி அழைத்து மகிழ்ந்து நிற்கக் கண்டோம். அவருள் எட்டு வயது மதிக்கத்தக்க ஒருவன், தோழர் நகைக்கும்பொருட்டு, இறைவன் பெயருக்கு ஈடாக ஓர் இழிசொல்லைக் கூவினான். அவன் தந்தையார் ஓடிவந்து கன்னத்தில் அறைந்தார். அறைந்ததோடு அமையாது, மகன் கூறியதினும் கொடிய சொல்லொன்றை அவன்மேலும் அவன் தோழர்மேலும் வீசினார். மதில் இரண்டு சொற்களையும் வேறுபாடின்றி மீட்டுரைத்தது. சிறுவன் அழுதுகொண்டே தந்தையின் வாயையே நோக்கி நின்றான். அத்தந்தையைக் குறைகூறும் உரிமை எமக்கில்லை. எம் மக்களிடத்து யாமும் அங்ஙனம் நடந்ததுண்டு. ஆதலினாலேயே இவ்வினா எம் உள்ளத்தை விட்டு அகலாதாயிற்று.

இத்தகைய வேளையில் நம்மவர் செய்வன பெரும்பாலும் மூன்று. சிலர் அடிப்பர், வாயில் மிளகாய் தேய்ப்பாரும் உளர். சிலர் மழலையில் அச்சொல் வேடிக்கையாய் இருத்தலின் நகைத்து, உறவினர் வந்தவிடத்து மீண்டும் சொல்லச் செய்து மகிழ்வர். சிலர், ‘இனி அப்பிள்ளையோடு சேராதே’ என வாயிலை அடைப்பர். இவற்றுள் நகைத்தல் இழிசொல்லுக்குப் பரிசளித்தலாம். அடித்தலோ, நாவிலிருந்து வெளியேறத்தக்கதனை நெஞ்சிற் பதித்தலாம். இந்நாட்டில் 2009-ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வியுரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பள்ளியிற் குழந்தைகளை உடலால் ஒறுத்தலையும் உள்ளத்தால் வருத்துதலையும் விலக்கியுள்ளது. ஆசிரியர்க்கு விலக்கப்பட்டது பெற்றோர்க்கு அறமாதல் எங்ஙனம்?

அடித்தலால் விளையுங் கேட்டினை வாக்கின் இயல்பு கொண்டு உணரலாம். வாக்குச் சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என நால்வகைப்படும் என்பர். உள்ளே நுண்ணிதாய் நின்ற பொருளுணர்வு படிப்படியாக விளங்கி, இறுதியிற் பிறர் செவிக்குப் புலனாகும் வைகரியாய் வெளிப்படும். சிறுவன் தெருவிற் பெற்ற சொல்லோ இம்முறையிற் பிறந்ததன்று. செவி வழிப் புகுந்து, பொருளுணர்வைத் தீண்டாது, நாவின் வழியே வெளிவந்தது அது. அதற்கு வைகரியன்றி உள்ளே வேரில்லை. அவனை நோக்கி, ‘நீ இழிந்தவன், உன் புத்தி கெட்டது’ என நாம் சினந்து கூறுங்கால், வேரில்லாத அச்சொல்லுக்கு வேரும் மண்ணும் நாமே அளிக்கின்றோம். பிறனிடமிருந்து வந்தது அவனுடையதாகிறது. ‘இச்சொல்லுக்கு இத்துணை ஆற்றலுண்டு, இதனைச் சொன்னால் பெரியோரும் நடுங்குவர்’ என்னும் பாடத்தையும் அவன் உடன் கற்றுக்கொள்கிறான்.

அற்றேல், திருத்துமாறு யாங்ஙனம் எனின், சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திரம் ஒரு நெறியைக் காட்டும். ஐம்புலன்களாகிய வேடரிடை வளர்ந்து தன்னை மறந்த அரசிளங்குமரனாக உயிர் அங்கே உருவகிக்கப்படுகின்றது. அவனை மீட்க வந்த குரு, வேடர் மொழியைப் பேசினாயென அவனை ஒறுப்பவரல்லர். ‘நீ இவர் மகனல்லை, மன்னன் மகன்’ என அவன் யாரென்பதையே உணர்த்துகின்றார். உணர்ந்தவன் சார்பினைத் தானே விடுகிறான். பிள்ளையைத் திருத்தும் முறையும் இதுவே. ‘இச்சொல் உன்னுடையதன்று, யாரோ எறிந்ததனை நீ எடுத்து வந்தாய்’ எனச் சொல்லையும் பிள்ளையையும் பிரித்துக் காட்டுதல் வேண்டும்.

ஆண்டு வேடர் என்றது புலன்களுக்கு உவமையேயன்றி ஒரு குடியை இகழ்ந்ததன்று. காளத்தியிலே வாயில் முகந்த நீரைத் திருமுடிமேல் உமிழ்ந்து ஆட்டிய கண்ணப்பர் வேடரே. அந்நீரை இறைவன் விரும்பி ஏற்றான். எனவே, இழிசொல்லுக்கெல்லாம் ஏழையர் தெருவையும் அங்குள்ள பிள்ளைகளையும் காரணமாக்கி மதில் எழுப்புதல் சித்தாந்தமாகாது. நம் பிள்ளைக்கு அவன் தீய சார்பெனின், அவனுக்கு நம் பிள்ளை நல்ல சார்பாகலாகாதோ?

‘கடிந்து கூறாவிடின் அச்சொல்லே நிலைத்துவிடாதோ?’ எனின், வன்றொண்டர் வரலாற்றை நினைக. மணப்பந்தரிலே தம்மை அடிமையென வந்து வழக்கிட்ட முதியவரை நம்பியாரூரர் பித்தனென வைதார். திருவெண்ணெய்நல்லூரிலே ஆட்கொண்ட இறைவன், வைத அச்சொல்லையே முதலாகக் கொண்டு பாடுகவெனப் பணித்தான். வன்சொல்லை அவன் புகழ்ந்தானல்லன், வைத நாவை அறுத்தானுமல்லன், அந்நாவைத் திருப்பினான். நம் பிள்ளைகளின் நாவும் திருப்பத்தக்கதே. சினம் வந்தவிடத்துச் சொல்ல அவர்க்குச் சொல் வேண்டும்; ‘எனக்குக் கோபம் வருகிறது, என்னைத் தொடாதே’ எனச் சொல்லக் கற்றவனுக்கு இழிசொல் தேவைப்படுவது குறையும்.

இனி, எல்லாவற்றினும் முன்னாய சார்பு வீடே. 1961-ஆம் ஆண்டில் ஆல்பர்ட் பண்டூரா என்னும் உளநூலார் தம் துணைவரோடு வெளியிட்ட ஆய்வொன்றில், 72 இளங்குழந்தைகள் சோதிக்கப்பட்டனர். பெரியவரொருவர் பொம்மையை அடித்து வன்சொற் கூறுதலைக் கண்ட குழந்தைகள், பின்னர் அச்செயலையேயன்றி அவர் கூறிய சொற்களையும் தாமே கூறினர். கைபேசித் திரையும் தெருவும் கற்பிப்பன பலவாயினும், நாம் கற்பிப்பன அவற்றிற்குக் குறைந்தனவல்ல.

காவிரிக் கரையூர்களில் ஒன்றினை மறவாது கூறல் வேண்டும். நரைத்த தலையுடன் நம் வயலில் நாற்று நடவும் களை பறிக்கவும் வந்தவரை நாம் ‘வாடா, போடா’ என்றது நெடுங்கால வழக்கம். இன்றும் அது முற்றும் ஒழிந்திலது. அவரைப் பிள்ளையும் அங்ஙனமே அழைத்தால் நாம் கடிவதில்லை. தெருவில் கற்ற சொல்லுக்கு அறைகின்றோம். திண்ணையிற் கற்ற சொல்லுக்கு வாளா இருக்கின்றோம். முன்னது பொருளறியாது வந்தது. பின்னதோ பொருளறிந்து ஓருயிரைத் தாழ்த்துவது. இவற்றுள் எது இழிசொல் என்பதை அன்பர்களே ஆராய்ந்து கொள்க.

ஆதலின், அச்சொல் பிள்ளை வாயில் வந்தவிடத்து முகம் மாறாதிருக்க. பிறர் முன்னிலையிற் கடியாது, தனித்த வேளையில் அருகிருத்தி, அதன் பொருளை அவன் வயதுக்கேற்ற அளவிற் கூறுக. அது யாரை நோவச் செய்யுமென அவனையே கேட்க. ஒருவரை நோவச் செய்யவே கூறியிருப்பின், உடன் அழைத்துச் சென்று பொறுக்குமாறு வேண்டச் செய்க. அவன் தோழனை வீட்டிற்கு அழைத்து ஒருவேளை உணவளிக்க. நாமே ஒருநாள் தவறிக் கூறிவிடின், பிள்ளையின் முன்னரே ‘தவறு செய்தேன்’ என ஒப்புக. இஃது எல்லாவற்றினும் அரியது, பயனும் மிகுதியுடையது.

ஐயாற்று மதில் தானாக ஒரு சொல்லும் சொல்லாது. நாம் அழைத்ததனையே மீட்டுத் தரும். இளம்பிள்ளைகளின் உள்ளமும் நெடுங்காலம் அத்தன்மைத்தே. அவர்க்கு முன் நின்று நாம் அழைக்கும் சொல் நல்லதாகுக.